கியர் விகிதமும் டயர் விட்டமும்: கால் மைல் பந்தயத்தின் அடிப்படைக் கணக்கு

டிராக் (drag) பந்தயத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது இரண்டு வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "பின் அச்சில் 4.10 கியர் போட்டால் கார் பறக்கும்" என்பது ஒன்று, "பெரிய டயர் மாட்டினால் வேகம் கூடும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எந்த நிலையில் அது உண்மை என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அதனால் இரண்டையும் ஒரே காரில் செய்துவிட்டு, செலவழித்த பணத்துக்கு எந்தப் பலனும் காணாமல் நிற்பவர்கள் ஏராளம். காரணம் எளியது: முதல் மாற்றம் கொடுப்பதை இரண்டாவது மாற்றம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கியரும் டயரும் தனித்தனிப் பாகங்களாகத் தோன்றினாலும், இயந்திரத்தைப் பொறுத்தவரை அவை சேர்ந்து ஒரே ஓர் எண்ணைத்தான் உருவாக்குகின்றன. அந்த எண் என்ன, அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நேரான பாதையில், நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, குறிப்பிட்ட தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்பதே டிராக் பந்தயம். மரபான தூரம் கால் மைல், அதாவது 1,320 அடி அல்லது ஏறத்தாழ 402 மீட்டர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தென் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் பழைய விமான ஓடுபாதைகளிலும் வளர்ந்த விளையாட்டு இது. 1951-இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய தேசிய ஹாட் ராட் சங்கம் அதற்கு விதிமுறைகளை வகுத்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்த தலைமுறைக்கு, நீண்ட நேரான ஓடுதளம் ஏன் பந்தயக்காரர்களை ஈர்த்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இக்கட்டுரை முழுவதும் ஒரே காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 1987 முதல் 1992 வரை வந்த ஃபோர்ட் மஸ்டாங் 5.0, அமெரிக்காவின் உள்ளூர் டிராக் பாதைகளில் மிக அதிகமாகக் காணப்பட்ட கார்களில் ஒன்று. அதன் வி-8 இயந்திரத்தின் திறன் 225 குதிரைத்திறன். முறுக்குவிசை 300 பவுண்டு-அடி, அதாவது சுமார் 407 நியூட்டன்-மீட்டர். கைக் கியர் கொண்ட வகையில் பின் அச்சு விகிதம் 2.73 ஆக வந்தது. அதைக் கழற்றிவிட்டு 3.73 அல்லது 4.10 போடுவதுதான் அந்தக் காரை வாங்கியவர்கள் செய்த முதல் மாற்றங்களில் ஒன்று. அந்த மாற்றம் எதைச் செய்தது என்பதே நம் கேள்வி.

சைக்கிளும் கிணற்று உருளையும்

கியர் உள்ள சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது பின்பக்கத்தில் பெரிய பற்சக்கரத்துக்குச் செயினை மாற்றுகிறோம். பெடல் இலேசாகிறது, ஆனால் கால் வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது, வண்டி மெதுவாகவே நகர்கிறது. சமதரையில் சிறிய பற்சக்கரத்துக்கு வந்தால், ஒவ்வொரு மிதிக்கும் அதிகத் தூரம் கிடைக்கிறது. மாறாக, ஒவ்வொரு மிதியும் கனக்கிறது. இரண்டு நிலையிலும் கால்களின் வலிமை மாறவில்லை. அந்த வலிமையை விசையாகச் செலவழிப்பதா, தூரமாகச் செலவழிப்பதா என்பது மட்டும் மாறியிருக்கிறது. நம் ஊர் இருசக்கர வாகனப் பட்டறைகளில் "பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டினால் பிக்கப் கூடும், டாப் ஸ்பீடு குறையும்" என்று சொல்வதும் இதே கருத்துத்தான். அது சரியான கருத்தும்கூட.

டயரைப் புரிந்துகொள்ள வேறோர் எடுத்துக்காட்டு உதவும். கிணற்றின் மேல் கைப்பிடியுடன் கூடிய மர உருளை ஒன்று இருப்பதாகவும், கைப்பிடியைச் சுற்றினால் கயிறு உருளையில் சுற்றிக்கொண்டு வாளி மேலே வருவதாகவும் வைத்துக்கொள்வோம். உருளை மெலிதாக இருந்தால் கனமான வாளியையும் எளிதாகத் தூக்கலாம். ஆனால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கயிறுதான் ஏறும். உருளை தடிமனாக இருந்தால் ஒரு சுற்றுக்கு நிறையக் கயிறு ஏறும். ஆனால் அதே கைக்கு வாளி கனக்கும். காரின் பின் சக்கரம் இந்த உருளையைப் போன்றது. டயரின் விட்டம் கூடினால் ஒரு சுற்றுக்குக் கார் கடக்கும் தூரம் கூடுகிறது, தரையைத் தள்ளும் விசை குறைகிறது.

ஆக, சைக்கிளில் செயின் செய்யும் பேரத்தையே கிணற்றில் உருளையின் தடிமனும் செய்கிறது. விசையும் தூரமும் ஒன்றுக்கொன்று விலையாகக் கொடுக்கப்படுகின்றன. புதிதாக எதுவும் பிறப்பதில்லை.

கியர் விகிதம் என்றால் என்ன

இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுழலும்போது, இயக்கப்படும் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையை இயக்கும் சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே கியர் விகிதம். 11 பற்கள் கொண்ட சிறு சக்கரம் 41 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் விகிதம் 41-ஐ 11-ஆல் வகுத்தது, அதாவது 3.73. சிறியது 3.73 முறை சுற்றினால் பெரியது ஒரு முறை சுற்றும். அந்த விகிதத்தில் வேகம் குறையும். அதே விகிதத்தில் முறுக்குவிசை, அதாவது ஒரு தண்டைத் திருப்பும் வலிமை, கூடும். சிறிய சக்கரத்துக்கு 10 பற்கள் என்றால் 4.10, 15 பற்கள் என்றால் 2.73.

காரில் இத்தகைய விகிதங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. முதலாவது, ஓட்டுநர் மாற்றிக்கொண்டே வரும் கியர் பெட்டி. நம் மஸ்டாங்கின் முதல் கியர் 3.35, இரண்டாவது ஏறத்தாழ 2, மூன்றாவது ஏறத்தாழ 1.3, நான்காவது 1.00, ஐந்தாவது 0.68. இரண்டாவது, பின் அச்சின் நடுவில் உள்ள, ஓட்டும்போது மாற்ற முடியாத இறுதி விகிதம். இரண்டையும் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும். இறுதி விகிதம் 2.73 என்றால் முதல் கியரில் மொத்த விகிதம் சுமார் 9.15, 3.73 என்றால் 12.5, 4.10 என்றால் 13.7.

இங்கே சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும். "பெரிய கியர்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் எண் பெரிதான 4.10-ஐச் சொல்கிறாரா, அதிக வேகத்துக்கான 2.73-ஐச் சொல்கிறாரா என்பது பல நேரம் அவருக்கே தெளிவாக இருப்பதில்லை. எண் பெரிதாகி, ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தரும் விகிதத்தை இனிக் குட்டை விகிதம் என்போம். எண் சிறிதாகி, அதிகத் தூரம் தரும் விகிதத்தை நெட்டை விகிதம் என்போம்.

கியர் விகிதம் இயந்திரத்தின் திறனைக் கூட்டுகிறது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. கியர் ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றை அதே அளவில் குறைத்துவிடுவதால் பெருக்குத்தொகை மாறுவதில்லை. பற்களின் உராய்வில் சிறிது இழப்புத்தான் ஏற்படும். 4.10 போட்ட காரில் இருப்பதும் அதே 225 குதிரைத்திறன்தான்.

டயரும் ஒரு கியர்தான்

மஸ்டாங்கின் சாலை டயருக்கு விட்டம் சுமார் 25.6 அங்குலம், அதாவது 65 சென்டிமீட்டர். சுற்றளவு 2.04 மீட்டர். காரின் எடையில் டயர் சற்று நசுங்குவதால் உண்மையான எண் கொஞ்சம் குறையும்; அடிப்படையைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கே போதும்.

முதல் கியரில் இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும்போது கார் என்ன வேகத்தில் போகும்? 2.73 உடன் சுமார் மணிக்கு 67 கிலோமீட்டர். 3.73 உடன் 49. 4.10 உடன் 45-க்குச் சற்றுக் குறைவு. அதே 5,000 சுற்றில், குட்டை விகிதம் கொண்ட கார் மெதுவாகப் போகிறது; அதற்கு ஈடாக அதிக விசையோடு தள்ளுகிறது.

இப்போது சாலை டயரைக் கழற்றிவிட்டு 28 அங்குல விட்டமுள்ள டயரை மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். 4.10-ஐ 25.6-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் வருவது 3.75. 28 அங்குல டயரில் ஓடும் 4.10 அச்சு, பழைய டயரில் ஓடும் 3.73 அச்சுக்கு ஏறக்குறைய முழுச் சமம். இயந்திரத்துக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. 3.73 அச்சை வைத்துக்கொண்டு டயரை மட்டும் பெரிதாக்கியிருந்தால், அது 3.41 போட்டதற்குச் சமமாகியிருக்கும்.

எனவே அச்சு விகிதத்தை மட்டும் கேட்டுவிட்டு ஒரு காரை எடைபோடுவது, சம்பளத்தைக் கேட்டு வாடகையைக் கேட்காமல் ஒருவரின் கையிருப்பைக் கணிப்பது போன்றது. கேட்க வேண்டிய கேள்வி, ஒரு மீட்டர் தூரத்துக்கு இயந்திரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரே எண் இதுதான். மொத்த விகிதத்தை டயரின் சுற்றளவால் வகுத்தால் அது கிடைத்துவிடும்.

தரை எவ்வளவு விசையைத் தாங்கும்

குட்டை விகிதம் விசையைக் கூட்டுகிறது என்றால், 4.10-க்குப் பதில் 5 போட்டு இன்னும் கூட்டினால் என்ன? இங்கேதான் பெரும்பாலான பேச்சு தடம் புரள்கிறது. விசையை உண்டாக்குவது கியர். அதை வாங்கிக்கொள்வது டயரும் தரையும். வாங்கும் பாத்திரத்தின் கொள்ளளவுக்கு மேல் ஊற்றினால் வழிந்துதான் போகும்.

கணக்கைப் பார்ப்போம். முதல் கியரில் உச்ச முறுக்குவிசை கிடைக்கும்போது, உராய்வு இழப்பாக 15 சதவீதத்தைக் கழித்தால், 2.73 அச்சுடன் பின் சக்கரங்கள் தரையில் செலுத்த முயலும் விசை சுமார் 9,700 நியூட்டன். 3.73 உடன் சுமார் 13,300. 4.10 உடன் சுமார் 14,600. இது வழங்கும் பக்கம்.

வாங்கும் பக்கத்தில், டயர் தரையைப் பற்றும் விசைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அந்த வரம்பைப் பிடிமானம் என்போம். பின் சக்கரங்களின் மேல் அழுந்தும் எடையையும், டயர் ரப்பருக்கும் தரைக்கும் உள்ள உராய்வு எண்ணையும் பெருக்கினால் அது கிடைக்கும். கார் முன்னோக்கிப் பாயும்போது எடையின் ஒரு பகுதி பின்னால் சாய்கிறது. பேருந்து திடீரென்று கிளம்பினால் நிற்பவர்கள் பின்பக்கம் சாய்வது போன்றது இது. அப்படிச் சாய்ந்த எடையையும் சேர்த்து, நம் காரின் பின் சக்கரங்களில் புறப்படும் கணத்தில் சுமார் 900 கிலோ அழுந்துவதாகக் கொள்ளலாம். சாதாரண சாலை டயரின் உராய்வு எண் உலர்ந்த தரையில் ஒன்றை ஒட்டி இருக்கும். ஆகவே அது தாங்கும் விசை அதிகபட்சம் 8,800 நியூட்டன். அதாவது தொழிற்சாலையிலிருந்து வந்த 2.73 அச்சே, முழு முறுக்குவிசையையும் ஒரே மூச்சில் விட்டால், சாலை டயரைப் பிடி நழுவி வீணாகச் சுழல வைத்துவிடும். அந்த டயரோடு 4.10 போட்டவருக்கு முதல் சில மீட்டர்களில் கூடுதலாகக் கிடைப்பது புகை மட்டுமே. சுழலும் டயரின் பிடிமானம் பற்றியிருக்கும் டயரின் பிடிமானத்தைவிடக் குறைவு என்பதால், அவர் முன்பிருந்ததைவிட மெதுவாகக் கிளம்பவும் கூடும்.

பந்தயப் பாதைக்கென்றே செய்யப்படும் பள்ளங்களற்ற மென்மையான ரப்பர் டயருக்கு ஸ்லிக் என்று பெயர். புறப்படுவதற்கு முன் அதைத் தண்ணீரில் நனைத்து, நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடாக்கினால் ரப்பர் பிசுபிசுப்பாகிறது. பாதையிலும் பிடிமானத்துக்கான பிசினும் முந்தைய கார்கள் விட்டுச்சென்ற ரப்பரும் படிந்திருக்கின்றன. இந்த நிலையில் உராய்வு எண்ணை 1.5 என்று கொண்டால், அதே 900 கிலோ எடைக்குத் தாங்கும் விசை சுமார் 13,200 நியூட்டன். 3.73 அச்சு வழங்குவதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரே அச்சு, சாலை டயரில் பயனற்றதாகவும் ஸ்லிக்கில் அளவெடுத்துச் செய்ததுபோலவும் இருப்பதன் காரணம் இது. 28 அங்குல ஸ்லிக்கில் 4.10 போட்டாலும் விசை கிட்டத்தட்ட அதே 13,300-க்குத்தான் வரும் என்பதை முந்தைய பகுதியின் கணக்கே சொல்லிவிடுகிறது.

மிக அதிகத் திறன் கொண்ட இலேசான கார்களில் ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பவர்கிளைடு என்ற இரண்டே வேகங்கள் கொண்ட தானியங்கிக் கியர் பெட்டி இன்றும் விரும்பப்படுவது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். அதன் முதல் கியர் 1.76 அல்லது 1.82 தான், அதே நிறுவனத்தின் மூன்று வேகப் பெட்டிகளில் அது 2.5-ஐ ஒட்டியது. இயந்திரமே தரை தாங்குவதைவிட அதிகமாகத் தரும்போது அதை மேலும் பெருக்கும் கியருக்கு வேலை இல்லை என்பதுதான் காரணம். ஒரு கியர் மாற்றம் குறைவதும் கூடுதல் நன்மை.

புறப்பாட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. முதல் 60 அடியைக் கடக்கும் நேரத்தைப் பந்தயப் பாதைகள் தனியாக அளந்து தருகின்றன. அங்கே மிச்சமாகும் பத்தில் ஒரு விநாடி, முடிவுக்கோட்டில் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை வளர்ந்து நிற்கும் என்பது பந்தயக்காரர்களின் நெடுநாள் அனுபவக் கணக்கு. முன்னதாகவே வேகம் எடுத்த கார் அடுத்து வரும் ஒவ்வோர் அடியையும் சற்று அதிக வேகத்தில் கடக்கிறது. அதனால் இடைவெளி விரிந்துகொண்டே போகிறது.

சுருக்கமாக: முதல் கியரின் மொத்த விகிதத்தைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் ஆசை அல்ல, டயரின் பிடிமானம். பிடிமானம் கூடினால்தான் குட்டை விகிதம் பயன் தரும்.

முடிவுக்கோட்டில் இயந்திரம் எங்கே இருக்கிறது

முதல் கியருக்குப் பிறகு டயர் சுழலும் ஆபத்து குறைகிறது. இனிப் பாதையின் எஞ்சிய பகுதி இயந்திரத்தின் திறனைப் பொறுத்தது. எந்த இயந்திரமும் எல்லாச் சுழற்சி வேகத்திலும் ஒரே திறனைத் தருவதில்லை. நம் மஸ்டாங்கின் உச்சத் திறன் நிமிடத்துக்கு 4,200 சுற்றுகளை ஒட்டிக் கிடைக்கிறது. 5,000-ஐத் தாண்டினால் அது மூச்சு வாங்கத் தொடங்குகிறது. ஆகவே கியர்களின் வேலை, கார் எந்த வேகத்தில் போனாலும் இயந்திரத்தை அந்த உச்சத்தின் அருகிலேயே வைத்திருப்பது.

மாற்றம் ஏதும் செய்யாத இந்தக் கார் கால் மைலை 14 விநாடிகளும் சில்லறையுமாகக் கடந்து, முடிவுக்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். 153 கிலோமீட்டர், அதாவது மணிக்கு 95 மைல் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் 25.6 அங்குல டயர் நிமிடத்துக்குச் சுமார் 1,250 முறை சுழல்கிறது. நான்காவது கியர் 1.00 என்பதால் கணக்கு எளிது. 2.73 அச்சில் இயந்திரம் 3,400 சுற்றில் இருக்கும். உச்சத் திறனுக்கு மிகக் கீழே. 3.73 அச்சில் 4,660. உச்சத்தைச் சற்றே தாண்டிய, மிக நல்ல இடம். 4.10 அச்சில் 5,120, விளிம்பு. 4.56 போட்டால் 5,700. இயந்திரம் கத்தும், தள்ளாது. அப்போது ஐந்தாவதுக்கு மாற்றினால், 0.68 விகிதம் சுழற்சியை மீண்டும் 3,900-க்குக் கீழே இறக்கிவிடும். 4.56 போட்ட காரின் ஓட்டுநர் கடைசி நூறு மீட்டரில் எந்தக் கியரிலும் நிம்மதி காண முடியாது.

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2.73 அச்சுள்ள காரின் ஓட்டுநர் ஏன் நான்காவதுக்குப் போக வேண்டும்? போக வேண்டியதில்லை, அவர் மூன்றாவது கியரிலேயே கோட்டைக் கடப்பார். மூன்றாவதின் 1.3-ஐ 2.73-ஆல் பெருக்கினால் மொத்த விகிதம் சுமார் 3.6. மற்றவரின் 3.73 அச்சும் நான்காவது கியரும் தருவது 3.73. முடிவுக்கோட்டருகே இரண்டு கார்களும் ஏறக்குறைய ஒரே மொத்த விகிதத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன! இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். அச்சை மாற்றியவர் பாதையின் கடைசிப் பகுதியில் எதையும் வாங்கவில்லை. அவர் வாங்கியது தொடக்கத்தையும் நடுப்பகுதியையும்.

இரண்டு கார்களும் கடந்து வந்த மொத்த விகிதங்களை வரிசையாக வைத்தால் இது தெளிவாகும். 2.73 கார் 9.15-இல் தொடங்கி 5.4 வழியாக 3.6-க்கு இறங்குகிறது. 3.73 கார் 12.5-இல் தொடங்கி 7.3, 4.9 வழியாக 3.73-க்கு வருகிறது. முதலாவது மூன்று படிகள் கொண்ட ஏணி. இரண்டாவது இன்னும் உயரத்தில் தொடங்கி நான்கு படிகளில் இறங்கும் ஏணி. அந்தக் கூடுதல் படியைப் பிடிமானம் தாங்கினால் நேரம் மிச்சமாகும். தாங்காவிட்டால், ஒரு கியர் மாற்றத்துக்கான நேரத்தை மட்டும் கூடுதலாகச் செலவழித்ததாகிவிடும். கையால் கியர் மாற்றும் காரில் கிளட்சை மிதித்து விடும் அந்தக் கண நேரம் இயந்திரம் சக்கரத்தைத் தள்ளுவதே இல்லை.

பந்தயச் சீட்டில் அச்சாகும் இரண்டு எண்களை எப்படிப் படிப்பது என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒன்று மொத்த ஓட்ட நேரம்; மற்றொன்று கடைசி 66 அடியில் அளக்கப்படும் முடிவு வேகம். முடிவு வேகம் பெரும்பாலும் இயந்திரத்தின் திறனையும் காரின் எடையையும் காட்டும் எண். அச்சை மாற்றுவதால் அது பெரிதாக நகர்வதில்லை. ஓட்ட நேரம் புறப்பாட்டைக் காட்டுகிறது. அச்சை மாற்றிய பிறகு ஓட்ட நேரம் குறைந்து, முடிவு வேகம் ஏறத்தாழ அப்படியே இருந்தால் மாற்றம் வேலை செய்திருக்கிறது. முடிவு வேகம் குறைந்தால், இயந்திரம் கோட்டுக்கு முன்பே மூச்சுத் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். விகிதம் தேவைக்கு மேல் குட்டையாகியிருக்கலாம்.

மீண்டும் ஒருமுறை: சரியான இறுதி விகிதம் என்பது, கடைசியாகப் பயன்படுத்தும் கியரில், உச்சத் திறனைச் சற்றுத் தாண்டிய சுழற்சியில் கோட்டைக் கடக்க வைப்பது. அந்தக் கியர் 1.00 என்றால், அதைக் கணக்கிட மூன்றே செய்திகள் தேவை: எதிர்பார்க்கும் முடிவு வேகம், டயரின் சுற்றளவு, இயந்திரம் உச்சத் திறன் தரும் சுழற்சி வேகம். இதே மஸ்டாங்கில் இயந்திரத்தை மேம்படுத்தி முடிவு வேகம் 180 கிலோமீட்டர் ஆனால், சரியாக இருந்த 3.73 நெட்டையாகவோ குட்டையாகவோ மாறிவிடக்கூடும். எது என்பது உச்சத் திறன் எத்தனை சுற்றுக்கு நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

அகலமும் எடையும்

டயரின் விட்டத்தைப் பற்றி மட்டும் பேசினோம். அகலம் கியர் கணக்கில் வராது. ஒரு சுற்றுக்கு டயர் கடக்கும் தூரத்தை அது மாற்றுவதில்லை. அது பிடிமானத்தின் பக்கத்தைச் சேர்ந்தது. விட்டம் கூடினால் தரையில் பதியும் தடமும் நீளமாகி, பிடிமானத்துக்குச் சிறிது உதவும். பெரிய டயரை முழுமையாகக் குறை சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். அது கியரில் எடுப்பதைப் பிடிமானத்தில் ஓரளவு திருப்பிக் கொடுக்கிறது. அச்சு விகிதத்தையும் சேர்த்துக் குட்டையாக்கினால் இரண்டு நன்மையும் கிடைக்கும். பந்தயக் கார்களில் பெரிய ஸ்லிக்கும் பெரிய அச்சு எண்ணும் ஒன்றாகவே காணப்படுவது தற்செயல் அல்ல.

பெரிய டயருக்கு எடை அதிகம் என்பதையும், அந்த எடை சுழலும் எடை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காரில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு கிலோவை முன்னோக்கி நகர்த்தினால் போதும். டயரின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும்.

அதே கார் சாலைக்கு வந்தால்

தொழிற்சாலை ஏன் 2.73 போட்டது என்பதற்கு நெடுஞ்சாலையே பதில். ஐந்தாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டரில் 2.73 அச்சுடன் இயந்திரம் சுமார் 1,500 சுற்றில் அமைதியாக ஓடும், 4.10 உடன் அது சுமார் 2,300 ஆகும். எரிபொருள் செலவும் இரைச்சலும் அதற்கேற்பக் கூடும். அச்சையோ டயர் விட்டத்தையோ மாற்றினால் வேகமானி தவறான எண்ணைக் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பெரிய டயர் மாட்டிய கார், முள் காட்டுவதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். சாலையில் இது ஆபத்து. வேகமானியைச் சரிசெய்யும் பற்சக்கரத்தையும் உடன் மாற்றுவதே பொறுப்பான செயல்.

கியர் பெட்டியே இல்லாத கார்

இதுவரை சொன்ன அனைத்தும் ஒரே இடத்தில் கூடி நிற்பதைக் காண வேண்டுமானால், இந்த விளையாட்டின் உச்சியில் இருக்கும் டாப் ஃபியூவல் கார்களைப் பார்க்க வேண்டும். நைட்ரோமெத்தேன் என்ற எரிபொருளை எரிக்கும் அவற்றின் இயந்திரம் 500 கன அங்குலக் கொள்ளளவும் 10,000-க்கு மேற்பட்ட குதிரைத்திறனும் கொண்டது. இந்தக் கார்களில் பல கியர்கள் கொண்ட பெட்டி கிடையாது. தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி இறுதி விகிதம் 3.20 என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான், புறப்பாட்டிலிருந்து முடிவுக்கோடு வரை அந்த ஒரே விகிதம்.

முற்காலத்தில் கியர் பெட்டியை முயன்று பார்த்தவர்களும் உண்டு. 1970 மார்ச் 8 அன்று கலிபோர்னியாவின் லயன்ஸ் பாதையில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸின் காரில் இருந்த இரண்டு வேகக் கியர் பெட்டி புறப்படும்போதே வெடித்துச் சிதறியது. ஓட்டுநரின் கால்களுக்கிடையே இருந்த அந்தப் பெட்டி அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைப் பறித்தது. அந்த விபத்துக்குப் பின் அவர் இயந்திரத்தை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து உருவாக்கிய கார் 1971-இல் வெற்றி பெற்றது. இன்றைய டாப் ஃபியூவல் கார்கள் அனைத்தும் அந்த அமைப்பைப் பின்பற்றுகின்றன.

கியர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறார்கள்? பாதி வேலையைக் கிளட்ச் செய்கிறது. பல தட்டுகள் கொண்ட அந்தக் கிளட்ச், முன்கூட்டியே அமைத்த நேரக் கணக்குப்படி, தொடக்கத்தில் வழுக்கவிட்டுப் படிப்படியாக இறுகுகிறது. தரை தாங்கும் அளவுக்கு மட்டும் விசையை அவிழ்த்துவிடுவதே அதன் பணி. மறுபாதி வேலையை டயர் செய்கிறது. நின்ற நிலையில் அதன் விட்டம் சுமார் 36 அங்குலம். காற்றழுத்தம் மிகக் குறைவு. புறப்படும் கணத்தில் பக்கச் சுவர் துணிபோல் மடிந்து சுருங்குகிறது. அச்சுக்கும் தரைக்கும் உள்ள தூரம் குறைகிறது, தடம் நீள்கிறது: குட்டை விகிதமும் அதிகப் பிடிமானமும் ஒன்றாகக் கிடைக்கின்றன. வேகம் ஏற ஏற மையவிலக்கு விளைவால் அதே டயர் வெளிநோக்கி இழுபட்டு உயர்ந்து மெலிகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. அதாவது விகிதம் நெட்டையாகிக்கொண்டே போகிறது.

எவ்வளவு வளர்கிறது என்பதை நாம் கற்ற கணக்கைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். இந்தக் கார்கள் 2008 முதல் ஓடும் 1,000 அடிப் பாதையின் முடிவில் மணிக்கு 530 கிலோமீட்டருக்கு மேல் செல்கின்றன. இயந்திரம் அப்போது சுமார் 8,000 சுற்றில் இருப்பதாகக் கொண்டால், 3.20-ஆல் வகுக்க, டயர் நிமிடத்துக்கு 2,500 முறை சுழல்கிறது. 36 அங்குலத்திலேயே அது நின்றிருந்தால் சுற்றளவு 2.87 மீட்டர், கார் 430 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்க முடியாது. 530-ஐ எட்ட வேண்டுமானால் சுற்றளவு மூன்றரை மீட்டரை எட்டியிருக்க வேண்டும். விட்டம் 44 அங்குலத்தை. கியர் பெட்டி இல்லாத அந்தக் காரில், கூடுதலான அந்த நூறு கிலோமீட்டரை நான்கு விநாடிக்கும் குறைவான நேரத்தில் எட்டு அங்குலம் வளர்ந்த ரப்பர் கொடுத்திருக்கிறது.